முன்பள்ளி ஆசிரியரும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையும்: பிறநாட்டுப் பணிக்கான ஆயத்தம் பற்றிய சில குறிப்புக்கள்

பிறநாடுகளிற் பணிபுரிய விழையும் ஆசிரியர் தம் ஆங்கிலத் தேர்ச்சியைப் பரீட்சையொன்றின் வாயிலாக நிறுவிக்காட்ட வேண்டும் என்பது ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றின் விதியாகும். மருத்துவர், தாதியர், பொறியியலாளர் முதலியோர்க்குப் பொருந்தும் இவ்விதி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பேணிக் கற்பிக்கும் முன்பள்ளி ஆசிரியர்க்கும் பொருந்தும். ஆயின் ஏனையோரைக் காட்டிலும் இவரை மிகுதியும் வருத்தும் சிக்கல் ஒன்றுண்டு. இவர் பரீட்சை மண்டபத்திற் காட்டவேண்டிய ஆங்கிலம் ஒன்று. பணியிடத்தில் நாள்முழுதும் வழங்கவேண்டிய ஆங்கிலம் பிறிதொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் எத்தகையது, ஆயத்தஞ் செய்வோர் அதனை எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம் என்பனவற்றை அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இரு நாடுகளையும் சிறப்பாகக் கருத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம். இவை எம்மவர் பலர் நாடிச் செல்லும் நாடுகள். அதனோடு முன்பள்ளிக் கல்விக்கெனத் தனிக் கலைத்திட்டங்களை வகுத்துக்கொண்ட நாடுகளுமாகும்.

பிறமொழியாளரின் ஆங்கிலத்தை அளக்கும் முயற்சி நெடிய வரலாறுடையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 1913ஆம் ஆண்டில் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றிதழ்ப் பரீட்சையைத் தொடங்கியபோது அதற்குத் தோற்றியவர் மூவரே. மூவருள் ஒருவரேனும் சித்தியடையவில்லை. பிறநாட்டுப் பாடசாலைகளில் ஆங்கிலங் கற்பிக்க விரும்புவோரை மனத்திற்கொண்டே அப்பரீட்சை வகுக்கப்பட்டது என்பது சுவையான செய்தி. ஆக, ஆசிரியரின் ஆங்கிலத்தை அளத்தல் இத்துறையின் தொடக்கத்திலேயே இருந்த நோக்கமாகும். 1980ஆம் ஆண்டிற் பிரித்தானியக் கவுன்சிலும் கேம்பிரிட்ஜும் இணைந்து ஆங்கில மொழிப் பரீட்சைச் சேவை என்னும் புதிய பரீட்சையை நடைமுறைப்படுத்தின. மருத்துவம், தொழினுட்பம், உயிரியல் விஞ்ஞானம், சமூகவியற் கல்வி எனப் பரீட்சார்த்தியின் துறைக்கேற்ப வினாத்தாளின் ஒரு பகுதி வேறுபட்டமை அதன் சிறப்பியல்பு. அவரவர் எதற்காக மொழியைப் பயன்படுத்தப்போகிறாரோ அதனையே அளத்தல் வேண்டும் என்னும் கொள்கை அதற்கு அடிப்படையாயிருந்தது.

1989ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியரும் பங்காளராகச் சேர, அப்பரீட்சை ஐயெல்ற்ஸ் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. அப்போது துறைவாரிப் பகுப்பு மூன்றாகச் சுருங்கிற்று. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது அதுவும் கைவிடப்பட்டு, கல்விசார் பிரிவில் எல்லாத் துறையினர்க்கும் ஒரே வினாத்தாள் என்னும் நிலை உண்டாயிற்று. எத்துறை எப்பகுப்புள் அடங்கும் என்று வரையறுப்பதிலிருந்த இடர்ப்பாடும், பகுப்பினால் விளைந்த பயன் ஐயத்திற்கிடமாயிருந்தமையும் இதற்குக் காரணங்கள். நிருவாக நோக்கில் இஃது ஏற்புடைத்தாகலாம். எனினும் கடலடிப் பாறைகளைப் பற்றிய பந்தியையும் பண்டைய வணிகப் பாதைகளைப் பற்றிய பந்தியையும் படித்து விடையளிக்கும் முன்பள்ளி ஆசிரியை, இவற்றுக்கும் என் வேலைக்கும் என்ன தொடர்பு என்று வினவுவாராயின், அவ்வினாவின் வரலாற்று விடை இதுவேயாகும்.

தாதியர் இவ்வகையிற் பேறு பெற்றவர். அவுஸ்திரேலியாவில் உருவாகிய தொழில்சார் ஆங்கிலப் பரீட்சை மருத்துவத்துறையின் 12 தொழில்களுக்கெனவே அமைந்தது. அதிற் பேச்சுப் பகுதியில் தாதி நோயாளியாக நடிப்பவரோடு உரையாடுகிறார். எழுத்துப் பகுதியில் நோயாளியின் குறிப்புக்களைக் கொண்டு கடிதம் வரைகிறார். அழுகின்ற மூன்று வயதுக் குழந்தையைத் தேற்றும் பேச்சையோ, மாலையிற் பிள்ளையை அழைத்துச்செல்ல வரும் தாயோடு நிகழ்த்தும் உரையாடலையோ அளக்கும் பகுதி ஐயெல்ற்ஸில் இல்லை. பிறநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் முன்பள்ளி ஆசிரியரோ பெரும்பாலும் அதன் கல்விசார் பிரிவையே நாடவேண்டியவராயிருக்கிறார்.

வேண்டப்படும் தரமும் சிறிதன்று. அவுஸ்திரேலியாவில் ஆசிரியரின் தகைமைகளை மதிப்பிடும் தேசிய நிறுவகம், குறித்த சில நாடுகளில் நான்காண்டு உயர்கல்வி பெறாதோரிடம், 9 வரையான அளவுகோலில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் 7, கேட்டலுக்கும் பேச்சுக்கும் 8 என்னும் தரநிலைகளை நெடுங்காலமாக வேண்டி வந்தது. இத்தகைய விதிகளும் ஏற்கப்படும் பரீட்சைகளின் பட்டியலும் அடிக்கடி திருத்தப்படுவன. ஆதலால் பணங் கட்டுமுன் உரிய நிறுவனத்தின் இறுதி அறிவித்தலைத் தாமே படித்தல் வேண்டும். முகவர் சொல்லை நம்பி இருத்தல் தகாது. மற்றொன்றும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நான்கு பகுதிகளின் சராசரி எவ்வளவு உயர்ந்ததாயினும், பகுதிதோறும் தனித் தரநிலை வேண்டப்படுமிடத்து ஒரு பகுதியில் அரைப் புள்ளி குறைந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். பல்லாண்டு அனுபவமுடைய ஆசிரியர் எழுத்திற் பெற்ற 6.5 காரணமாகத் தம் தகைமைக்குரிய பதவியை அடையாது, உதவியாளராகக் காலங்கழிக்கும் நிலை இதனால் எழக்கூடும்.

கேட்டலுக்கும் பேச்சுக்கும் எழுத்தைவிட உயர்ந்த தரம் வேண்டியமை கொள்கையளவில் நேரியதே என்பது எமது கருத்து. எழுத்தறியாக் குழந்தை மொழியைப் பெறுவது செவிவழியாகவே. அதன் மொழிச்சூழலிற் பெரும்பங்கு ஆசிரியரின் வாய்மொழியாகும். குறை கொள்கையிலன்று, கருவியிலுள்ளது. ஐயெல்ற்ஸ் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை வளர்ந்தவர் ஒருவரோடு நிகழ்த்தும் உரையாடல். அதிற் சரளமும் தொடர்பமைதியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்கும் சம நிறையுடன் மதிப்பிடப்படுகின்றன. சிக்கலான வாக்கியங்களைக் கையாள்வோர்க்கு உயர்ந்த தரம் கிடைக்கும். முன்பள்ளியிலோ குறுகிய வாக்கியமும், ஒரே தொடரைச் சலியாது திரும்பக் கூறுதலும், குரலின் ஏற்றத்தாழ்வுமே ஆற்றல்கள். ஒன்றில் நிறையாகக் கொள்ளப்படுவது மற்றொன்றிற் குறையாகிவிடுகிறது.

குழந்தைக்குரிய ஆங்கிலம் எம்மவர்க்கு ஏன் அரிதாகிறது என்பதும் சிந்திக்கற்பாலது. எமது நாட்டிற் பலர் ஆங்கிலத்தை நூல்வழியாகவே கற்றோம். கட்டுரை எழுதவும் விரிவுரை விளங்கவும் அது போதும். ஆனால் தாய் மடியிலும் அடுக்களையிலும் கற்கும் சொற்கள் நூல்வழி வருவனவல்ல. பாலகரின் இடைத்துணியை அவ்விரு நாடுகளிலும் ‘நப்பி’ என்பர். அமெரிக்கப் படங்களிற் கேட்ட ‘டயப்பர்’ அங்கு அந்நியச் சொல். சூப்பான் ‘டமி’, வயிறு ‘ரம்மி’. ‘மோர்னிங் ரீ’ என்றாற் காலைத் தேநீர் மாத்திரமன்று, குழந்தைகளுக்கான முற்பகற் சிற்றுணவுமாம். ‘ரீ’ எனத் தனித்து வரின் இராவுணவையும் குறித்தல் கூடும். கொண்டாட்டத்துக்கு ‘ஒரு பிளேற் கொண்டு வாருங்கள்’ என்று அழைக்கப்பட்ட புதியவர் வெறுந்தட்டோடு சென்று நாணிய கதை அந்நாடுகளிற் குடியேறியோர் பலரிடையே வழங்குகிறது. உணவு நிறைந்த தட்டு என்பதே அங்குப் பொருள்.

சொல்லினும் நுண்ணியது தொடரமைப்பு. ‘ஓடாதே’, ‘அடிக்காதே’, ‘கத்தாதே’ என எதிர்மறை ஏவலால் நாம் குழந்தையைத் தடுப்போம். இவற்றை அப்படியே ஆங்கிலமாக்கின் இலக்கணப் பிழை யாதுமில்லை. ஆயினும் அந்நாட்டு முன்பள்ளியில் அது கடுமையாக ஒலிக்கும். செய்யத்தகாததைச் சொல்லாது செய்யத்தக்கதைச் சொல்லுதல் அங்குத் தொழில்முறைப் பண்பாகக் கொள்ளப்படுகிறது. ஓடும் பிள்ளைக்கு ‘வோக்கிங் பீற்’ என்றும், அடிக்கக் கையோங்கும் பிள்ளைக்கு ‘ஜென்ரில் ஹான்ட்ஸ்’ என்றும், கூவும் பிள்ளைக்கு ‘இன்சைட் வொய்ஸ்’ என்றும் நினைவூட்டுவர். நடக்கும் கால், மெல்லிய கை, வீட்டினுட்குரல் என்பன இவற்றின் பொருள். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இவை பரீட்சைக்குரியனவாகக் காணப்படமாட்டா. ஆனால் வேலையின் முதல் நாளிலேயே வேண்டப்படுவன இவையே.

அவ்வாறாயின் பரீட்சைக்கொரு படிப்பு, பணிக்கொரு படிப்பு என இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. பரீட்சையின் பகுதிகளை ஊன்றி நோக்கின், அவற்றுட் பல முன்பள்ளிப் பணியின் கூறுகளோடு வடிவத்தால் ஒத்திருத்தலைக் காணலாம். பொருள் வேறாயினும் செயல் ஒன்றே.

எழுத்துப் பகுதியை முதற்கண் எடுத்துக்கொள்வோம்; பரீட்சார்த்திகள் பலர் இடறுவதும் அதிலேயாம். அதன் முதல் வினா வரைபடம், அட்டவணை, செயல்முறைப்படம் ஆகியவற்றுள் ஒன்றைக் காட்டி, குறைந்தது 150 சொற்களில் அதனை விவரிக்குமாறு கேட்கும். விவரித்தலே வேண்டப்படுவது, காரணங் கற்பித்தலும் அபிப்பிராயங் கூறுதலும் வேண்டப்படுவனவல்ல. முன்பள்ளி ஆசிரியரின் அவதானக் குறிப்பும் இவ்வகையினதே. கண்டதை எழுதுக, கருதியதை எழுதற்க என்பது அதன் முதல் விதி. ‘அவன் கோபத்தினால் தள்ளினான்’ என்பது ஊகம். ‘இரு கைகளாலும் தோளிற் தள்ளினான்; மற்றவன் பின்புறமாக விழுந்தான்’ என்பது பதிவு. அவுஸ்திரேலியாவில் முன்பள்ளியிற் குழந்தைக்கு நேரும் விபத்து, காயம், நோய் என்பவற்றைப் பதிவேட்டில் எழுதிவைத்தலும், 24 மணிநேரத்துக்குள் பெற்றாருக்கு அறிவித்தலும் தேசிய ஒழுங்குவிதிகளின்படி கடமைகளாம். எனவே இறந்தகாலத்தில், நேர ஒழுங்கில், ஊகங் கலவாது எழுதும் திறன் அங்குச் சட்டப் பெறுமதியுடையது. ஊகத்தையும் பதிவையும் பிரிக்கத் தாய்மொழியிற் பழகிய ஆசிரியர் இவ்வினாவிற் பாதி வெற்றி பெற்றவரே. எஞ்சியது ஆங்கில வடிவம்.

பயிற்சிக்கு வேண்டிய பொருளையும் பணியிலிருந்தே பெறலாம். ஒரு வாரத்திற் குழந்தைகள் ஐவர் துயின்ற நேரங்களை அட்டவணையாக்கி, மிகுந்தது எது, குறைந்தது எது, எந்நாளில் மாற்றம் நேர்ந்தது என 150 சொற்களில் எழுதுக. கைகழுவும் முறையையோ இடைத்துணி மாற்றும் முறையையோ படிப்படியாகக் காட்டும் சுவரொட்டி முன்பள்ளிகளில் தொங்கும், அதுவே செயல்முறைப்படம். செயப்பாட்டுவினையில் நிகழ்காலத்தில் அதனை எழுதிப் பார்ப்பவர், சீமெந்து உற்பத்தி பற்றிய மாதிரி வினாவுக்கும் தம்மை அறியாமலே ஆயத்தமாகிறார்.

இரண்டாம் வினா 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. முதல் வினாவினும் இருமடங்கு நிறையுடையது; ஆதலால் நேரத்திலும் பெரும்பகுதி இதற்குரியது. இங்கு அபிப்பிராயம் கட்டாயம். எம் மாணவர் பலரின் கட்டுரைகளில் ஒரு பொதுக்குறை உண்டு. உலகப் பொதுவுண்மையொன்றிற் தொடங்கி, இரு பக்க நியாயங்களையும் நெடிது கூறி, தம் கருத்தை இறுதி வரியிற் தயக்கத்தோடு வெளியிடுவர். அடக்கம் நற்பண்பே, ஆயினும் இங்கு நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே தெளிவுறுத்திப் பந்திக்கொரு நியாயமாக அதனை நிறுவுவது பாதுகாப்பான வழி. இதற்கு மாற்றாகத் தனியார் கல்வி நிலையங்கள் சில ‘மாதிரித் தொடர்’களை மனனஞ் செய்யப் பழக்குகின்றன. எத்தலைப்புக்கும் பொருந்தும் முன்னுரை எத்தலைப்புக்கும் உரியதன்று. மனனப் பகுதிகளை இனங்காணப் பரீட்சகர் பயிற்றப்பட்டவர். அத்தொடர்கள் பணியிடத்தில் ஒருநாளும் பயன்படமாட்டா என்பதை நோக்க, அதற்குச் செலவிட்ட காலம் இருமுறை வீணாகிறது.

நியூசிலாந்தில் ‘கற்றற் கதை’ என்னும் பதிவு முறை பரந்து வழங்குகிறது. மார்கிரட் கார் என்னும் கல்வியியலாளர் வளர்த்த இம்முறையில், குழந்தை செய்ததொன்றைக் கதைபோற் கூறி, அதிற் புலப்படும் கற்றலை விளக்கி, அடுத்துச் செய்யத்தக்கதை ஆசிரியர் குறிப்பிடுவார். பெற்றாரும் படிக்க எழுதப்படுவதால் இது மனங்கவரும் நடையில் அமைதல் வேண்டும். நிகழ்ச்சி, விளக்கம், முன்னோக்கு என்னும் இவ்வமைப்பு, நியாயமும் உதாரணமும் கொண்ட கட்டுரைப் பந்தியின் அமைப்புக்கு மிக அண்மையது. வாரத்துக்கு இரு கற்றற் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிப் பிறரொருவரைக்கொண்டு திருத்துவித்தல், நாமறிந்தவரை, இரு பணிக்கும் ஒருங்கே உதவும் சிறந்த பயிற்சி.

கேட்டற் பகுதியில் ஒலிப்பதிவு ஒருமுறை மாத்திரமே கேட்கும். முதற் பகுதி பெரும்பாலும் படிவம் நிரப்புதலாக அமையும்: பெயரின் எழுத்துக்கள், முகவரி, தொலைபேசி எண், திகதி. எழுத்துக்கூட்டற் பிழைக்கும் புள்ளி இழப்பு உண்டு. புதிய குழந்தையைச் சேர்க்கும் தாயோடு தொலைபேசியிற் பேசி அதன் பெயரையும் ஒவ்வாத உணவையும் குறித்துக்கொள்ளும் செயல் இதுவே. 13க்கும் 30க்கும் உள்ள ஒலி வேறுபாட்டைத் தவறவிட்டவர் பரீட்சையில் ஒரு புள்ளியை இழப்பார். மருந்தின் அளவை அவ்வாறு தவறவிடின் இழப்பு வேறுவகையினது. ஆதலால் எழுத்துப் பெயர்களையும் எண்களையும் ஒருவர் சொல்ல மற்றவர் எழுதும் எளிய பயிற்சியைச் சிறுபிள்ளைத்தனமென இகழ்தல் கூடாது.

வாசிப்பைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. மூன்று நெடும்பந்திகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். விடைகளைப் பெயர்த்தெழுதத் தனி நேரமில்லை. ‘பொய்’ என்பதற்கும் ‘கூறப்படவில்லை’ என்பதற்கும் இடையே மயங்குவோர் பலர். பந்தி மறுப்பது ஒன்று, பந்தி பேசாதது பிறிதொன்று என்னும் வேறுபாடு மேலே கூறிய அவதானக் குறிப்பின் வேறுபாட்டோடு உறவுடையது. அவுஸ்திரேலியாவின் பிள்ளைப்பருவக் கற்றற் சட்டகம் 2009இல் வெளியாகி 2022இற் திருத்தப்பட்டது. நியூசிலாந்தின் தே பாரிக்கி என்னுங் கலைத்திட்டம் 1996இல் வெளியாகி 2017இற் திருத்தப்பட்டது. இவ்விரண்டையும் வாசிப்புப் பயிற்சி நூல்களாகக் கொள்வோர் நேர்முகப் பரீட்சைக்கும் ஆயத்தமாவர்.

பேச்சுப் பகுதியின் நடுக்கூற்றில், அட்டையிற் தரப்பட்ட பொருளைப் பற்றி ஒரு நிமிடம் ஆயத்தஞ் செய்து இரு நிமிடம் வரை பேச வேண்டும். மாலையிற் பெற்றாரிடம் பிள்ளையின் நாளைச் சுருங்கக் கூறுதல் இதற்கு நிகரான செயல். நாள்தோறும் ஒரு குழந்தையின் நாளை இரு நிமிடத்திற் சொல்லி ஒலிப்பதிவு செய்து கேட்டல் நன்று. இறுதிக் கூற்று பொதுமைக் கருத்துக்களைப் பற்றிய உரையாடல். விளையாட்டினாற் குழந்தை எவ்வாறு கற்கிறது, தாய்மொழியை வீட்டிற் பேணுதல் எதற்கு என்பன போன்ற தம் துறைக் கேள்விகளில் வாதிடப் பழகியவர் பிற கேள்விகளுக்கும் அஞ்சார்.

உச்சரிப்பைப் பற்றித் தமிழர் கொள்ளும் அச்சம் அளவுக்கு மீறியது. தமிழ்ச் சாயல் குற்றமன்று; விளங்காமையே குற்றம். தமிழில் வல்லொலியும் அதன் அதிர்வொலியும் சொற்பொருளை வேறுபடுத்தா; ஆங்கிலத்திற் கரடியும் பெயார்ஸ் பழமும் அவ்வேறுபாடொன்றினாலேயே பிரிகின்றன. படக்கதை வாசிக்கும் ஆசிரியை இதனிற் கருத்தூன்றல் வேண்டும். வகரத்தின் இருவகை ஒலிப்பு, உயிர்முதற் சொல்லில் யகரத் தொனி சேர்தல், மெய்யீற்றுச் சொல்லில் உகரம் ஒட்டுதல் ஆகியனவும் கவனிக்கத்தக்கன. ஒரு வகையில் ஈழத்தமிழர்க்கு நயமுண்டு: யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதில் ஒலிக்கும் றகரம் ஆங்கிலத்து நுனிநா ஒலிக்கு டகரத்தினும் அண்மையது. ஆங்கிலச் சொற்களை எழுதுகையில் நாம் றகர ரகரங்களை வழங்குவதன் காரணமும் அதுவே.

நியூசிலாந்து செல்வோர் ஆங்கிலத்தோடு மாவோரிச் சொற்களையும் எதிர்பார்த்தல் வேண்டும். 1982இல் எழுந்த கொஹங்கா ரேயோ என்னும் ‘மொழிக்கூடு’ இயக்கத்தின் பின் அம்மொழி முன்பள்ளிகளிற் சிறப்பிடம் பெற்றது. ‘கியா ஓரா’ என வணங்குவர், பிள்ளைகள் ‘தமரிக்கி’, உணவு ‘கை’. கையினால் உண்ணும் தமிழர்க்கு இறுதிச் சொல் மறவாது. பரீட்சை இவற்றை அளப்பதில்லை. ஆசிரியரின் தமிழையும் அளப்பதில்லை. ஆயினும் அவ்விரு நாடுகளின் கலைத்திட்டங்களும் குழந்தையின் வீட்டுமொழியை மதிக்குமாறு வேண்டுகின்றன. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையொன்று முதன்முறை தாயைப் பிரிந்து அழும் காலையில், ‘அம்மா பின்னேரம் வருவா’ என்று சொல்லத்தக்க ஆசிரியையின் பெறுமதி எந்தத் தரநிலையிலும் பதியப்படுவதில்லை. விண்ணப்பத்திலும் நேர்முகத்திலும் அதனைத் தயங்காது குறிப்பிடுதல் தக்கது.

இறுதியாகக் காலத்தைப் பற்றி ஒரு சொல். பரீட்சைப் பெறுபேறு பொதுவாக இரண்டாண்டே செல்லுபடியாகும். பட்டச் சான்றிதழ், கற்பித்தற் பயிற்சிச் சான்று, பொலிஸ் சான்று முதலியவற்றைத் திரட்டவே சிலர்க்கு ஓராண்டு செல்லும். பரீட்சையை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைத் தேடுவோர், சான்றுகள் கைக்கு வருகையிற் பெறுபேறு காலாவதியாகக் காண்பர். சான்றுகளுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆங்கில ஆயத்தத்தைத் தொடங்குதலே பொருத்தமான வரிசை. அண்மைக்காலத்தில் ஐயெல்ற்ஸ் நடத்துவோர் தவறிய ஒரு பகுதியை மாத்திரம் மீண்டும் எழுதும் வாய்ப்பையும் அளித்துள்ளனர். அதனை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. ஏற்குமா என்பதை முதற் பரீட்சைக்குப் பதியுமுன்னரே உரிய நிறுவனத்திடம் எழுத்திற் கேட்டறிந்து, அம்மறுமொழியை ஏனைய பத்திரங்களுடன் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.